பவானி ஆற்றுத் தண்ணீர்: பற்றாத வருடத்தில் யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பது?

#1 கடைமடை_முத்தூர்

எல்லாருக்கும் வணக்கம். முத்தூர்ப் பக்கம் எங்களுக்கு நான்கு ஏக்கர். கீழ்பவானிப் பாசனம், வாய்க்கால் ஏறக்குறைய முடிகிற இடம். 200 கிலோமீட்டர் வாய்க்காலில் எங்களுக்குக் கீழே இருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

போன நஞ்சை முறையில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் முறை இரவு 10 மணியிலிருந்து விடிகாலை 4 மணி வரை. நெல் கதிர் வாங்குகிற சமயம். மடையில் முழங்கால் அளவு ஓட வேண்டிய தண்ணீர் பாதத்தை நனைக்கிற அளவுக்குத்தான் வந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு கொப்பு வாய்க்கால் கரையிலேயே மேலே நடந்தேன். ஒன்றரை கிலோமீட்டருக்குள் மூன்று இடத்தில் கரைக்குக் குறுக்கே ஓஸ் கிடந்தது. ஓரிடத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் ஆள் இல்லை. நிறுத்திவிடலாம் என்று கை போய்விட்டது. நிறுத்தவில்லை. அந்தத் தென்னந்தோப்பில் கிணறு வற்றி இரண்டு வருடம் ஆயிற்று என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வரவில்லை. அவர்மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? ஆற்றில் இருப்பதைவிட அதிகமாக எல்லாருக்கும் வாக்குக் கொடுத்தாயிற்று. பழைய ஆயக்கட்டு (அணைக்கு முன்பே பாசனம் பெற்ற நிலம்), புதிய ஆயக்கட்டு (அணை வந்த பிறகு பாசனம் பெற்ற எங்கள் கீழ்பவானி நிலம்), கோவை, திருப்பூர், வழியோர ஊர்களின் குடிநீர், ஆலைகள், இப்போது குளங்கள். ஒவ்வொரு திட்டம் வரும்போதும் ‘பாசனத்துக்குப் பாதிப்பில்லாமல்’ என்று சொல்கிறார்கள். நல்ல மழை வருடத்தில் அது உண்மைதான். மழை பொய்த்த வருடத்தில் யாருக்கு எவ்வளவு குறையும் என்று எங்கள் ஊர்க்காரர் யாருக்கும் எந்தத் தாளும் காட்டியதில்லை. அதனால் அந்தக் குறை தானாகவே கடைமடையில் வந்து விழுகிறது.

நான் கேட்பது ஒன்றுதான். ஆகஸ்ட் முதல் தேதி அணையில் இவ்வளவு இருந்தால் இன்னாருக்கு இவ்வளவு, அதற்குக் கீழே போனால் இன்னாருக்கு இவ்வளவு குறைப்பு என்று ஓர் அட்டவணை வேண்டும். மழைக்காலத்துக்கு முன்பே எல்லாரும் உட்கார்ந்து எழுதி, ஒவ்வொரு பாசன சபையின் சுவரிலும் ஒட்ட வேண்டும். அது வரும்வரை பவானியில் புதிதாக ஒரு குழாய்கூடப் போடக் கூடாது.

நகரத்தில் இருப்பவர்களும் சொல்லுங்கள். உங்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை.

#2 மதகு_அளவு

தம்பி, நான் முப்பது வருடம் வாய்க்கால் கரையிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்ற பொறியாளன். முதலில் கணக்கை எல்லாரும் ஒன்றாகப் பார்த்துவிடலாம். இல்லாவிட்டால் ஆளுக்கு ஓர் எண்ணை வைத்துக்கொண்டு பேசுவோம்.

பவானிசாகர் கட்டத் தொடங்கியது 1948, முடிந்தது 1955. நீர்மட்டம் 105 அடி, கொள்ளளவு 32.8 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கனஅடி). கீழ்பவானி ஆயக்கட்டு 2,07,000 ஏக்கர். இத்தனை ஏக்கருக்கும் ஒரே நேரத்தில் நெல்லுக்குத் தண்ணீர் கிடையாது. அதனால்தான் ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று ஆயக்கட்டை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம். ஒரு பாதிக்கு, அதாவது 1,03,500 ஏக்கருக்கு, ஆகஸ்ட் 15 முதல் டிசம்பர் 15 வரை நஞ்சைக்கு 24 டி.எம்.சி. மறுபாதிக்கு அதற்கப்புறம் ஏப்ரல் வரை கடலை, எள் மாதிரி புஞ்சைப் பயிருக்கு 12 டி.எம்.சி. அடுத்த வருடம் மாற்றிக்கொள்ள வேண்டியது. பற்றாக்குறையைப் பங்கு போடுவது நமக்குப் புதிதில்லை. இந்த வாய்க்கால் பிறந்ததே அப்படித்தான்.

வாய்க்காலில் முழு ஓட்டம் வினாடிக்கு 2,300 கனஅடி. அதை 120 நாள் விட்டால் 23.85 டி.எம்.சி. வருகிறது. 24 என்ற எண் அங்கிருந்துதான் வருகிறது, வாய்க்காலின் வயிறு அவ்வளவுதான். இப்போது அதை 1,03,500 ஏக்கருக்குப் பிரித்துப் பாருங்கள். நிலத்தின் மேல் ஐந்தேகால் அடி உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்திய மாதிரி. நெல் அவ்வளவு குடிக்காது. மீதி வழியிலும் வயலிலும் மண்ணுக்குள் இறங்குகிறது. அது வீணா இல்லையா என்பது பெரிய சண்டை, பின்னால் வரும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. 24-ம் 12-ம் சேர்ந்தாலே 36. அணை கொள்வது 32.8. ஆக, அணை நிறைந்திருந்தால் மட்டும் போதாது, தண்ணீர் விட விட மாயாற்றிலும் பவானியிலும் வரத்து இருந்துகொண்டே இருக்க வேண்டும். நீலகிரியில் தென்மேற்குப் பருவமழை குறைந்து, அப்புறம் ஐப்பசி மழையும் ஏமாற்றினால் எங்கே இருந்து கொடுப்பது? 2016-இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. அந்த வருடத்தை நினைத்துப் பார்த்தால் தம்பி கேட்கிற அட்டவணை எதற்கு என்று புரியும்.

#3 தடப்பள்ளி_வயல்

கணக்கில் எங்களை விட்டுவிட்டீர்கள் அய்யா. கொடிவேரி அணைக்கட்டில் பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களில் 24,504 ஏக்கர். அதற்குக் கீழே காலிங்கராயனில் 15,743 ஏக்கர். காலிங்கராயன் வாய்க்கால் 13-ஆம் நூற்றாண்டில் வெட்டியது. வெட்டியவர் தன் வம்சம் இந்தத் தண்ணீரைத் தொடாது என்று சொல்லிவிட்டு ஊரைவிட்டே போனார் என்று எங்கள் பக்கம் இன்றைக்கும் சொல்வார்கள். தண்ணீர் விஷயத்தில் சந்தேகம் வரக்கூடாது என்று நினைத்த மனுஷன்.

அணை வருவதற்கு முன்னால் இருந்தே ஆற்றுத் தண்ணீரில் விவசாயம் செய்தவர்கள் நாங்கள். அணை வந்தாலும் உங்கள் பாசனத்துக்குக் குறைவு வராது என்று சொல்லித்தான் கட்டினார்கள் என்று என் அப்பா சொல்வார். இப்போது அட்டவணை என்ற பெயரில் எங்களையும் புதிய ஆயக்கட்டோடு ஒரே வரிசையில் நிறுத்தினால் அதை ஒத்துக்கொள்ள முடியாது. முதலில் வந்தவனுக்கு முதல் உரிமை. இது பேராசை இல்லை தம்பி. எங்கள் வயல் எல்லாம் களிமண், தாழ்வான நிலம். நெல்லும் மஞ்சளும் தவிர வேறு வைத்தால் அழுகிப்போகும்.

#4 மதகு_அளவு

தடப்பள்ளிக்காரரே, விட்டதற்கு மன்னியுங்கள். உங்கள் இரண்டையும் சேர்த்து 40,247 ஏக்கர். அதே ஐந்தேகால் அடி வைத்தால் ஒரு போகத்துக்கு 9.3 டி.எம்.சி. இரண்டு போகம் என்றால் இரண்டு மடங்கு. இது நான் போட்ட உத்தேசக் கணக்குதான்.

உரிமை பற்றி ஒன்று சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். உங்கள் முன்னோர்களுக்கு இருந்தது ஆற்றில் ஓடிய தண்ணீரின் மேல் உரிமை. மாசி, பங்குனியில் ஆறு மெலிந்த வருடம் இரண்டாம் போகம் அவர்களுக்கும் கிடைத்திருக்காது. அணை வந்து, மழைத் தண்ணீரைத் தேக்கி, கோடையில் சீராக விட்ட பிறகுதான் இரண்டாம் போகம் உறுதியானது. முதல் போகத்தில் உங்கள் முன்னுரிமையை யாரும் தொடக் கூடாது என்பேன். இரண்டாம் போகம் தேக்கி வைத்த தண்ணீர். அதில் எல்லாருக்கும் பங்கு உண்டு.

#5 கோவை_மூன்றாம்_மாடி

நான் கோவையின் வெளிப்பகுதியில் இருக்கிறேன். எங்கள் குடியிருப்புக்குக் குழாய்த் தண்ணீர் ஒன்பது நாளைக்கு ஒரு முறை. மற்ற நாளெல்லாம் லாரித் தண்ணீர்தான். லாரித் தண்ணீரில் பருப்பு வேகாது. அதற்காகவே குழாய்த் தண்ணீரை மூன்று எவர்சில்வர் குடத்தில் தனியாக மூடி வைத்திருப்பேன். என் மாமியார் அதிலிருந்து ஒரு டம்ளர் எடுத்துச் செடிக்கு ஊற்றிவிட்டார் என்று ஒரு நாள் சத்தம் போட்டுவிட்டேன். எழுபது வயதுக்காரரிடம் ஒரு டம்ளர் தண்ணீருக்காக. அன்றைக்கு நான் அழுதேன்.

கடைமடை அண்ணா, உங்கள் இரவு நடையைப் படித்தபோது மனசு கஷ்டமாக இருந்தது. ஆனால் புதிதாக ஒரு குழாய்கூடக் கூடாது என்றால், கோவையில் வீட்டுக்குள் குழாய் இன்னும் வராத பெண்களிடம் நீங்கள் என்ன சொல்வீர்கள்? தேசிய நீர்க் கொள்கை என்று எதை எடுத்தாலும் குடிநீர்தான் முதலில். சிறுவாணி, பில்லூர் அணைத் தண்ணீர் இல்லாவிட்டால் இந்த ஊர் இல்லை.

#6 கடைமடை_முத்தூர்

அக்கா, குடிக்கிற தண்ணீரைப் பற்றி எனக்குச் சண்டையே இல்லை. நான் கேட்பது வேறு. நீங்கள் குளித்து, துவைத்து, பாத்திரம் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது?

பவானியில் எடுத்த தண்ணீர் கோவைக்குப் போய் நொய்யலில் சாக்கடையாக இறங்குகிறது. பவானிக்கு அதில் ஒரு சொட்டுகூடத் திரும்புவதில்லை. எங்கள் கொப்பு வாய்க்காலில் மேலே கசிகிற தண்ணீராவது கீழே ஒருவன் கிணற்றில் ஊறும்.

#7 மதகு_அளவு

அளவைப் பொறுத்தவரை கோவைக்காரம்மா சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. பில்லூர் மூன்றாவது குடிநீர்த் திட்டம் நாளைக்கு 17.8 கோடி லிட்டர். வருடம் முழுக்க எடுத்தாலும் 2.3 டி.எம்.சி.தான் ஆகிறது. கீழ்பவானியில் முழு ஓட்டத்தில் பன்னிரண்டு நாள் போகிற தண்ணீர்.

ஆனால் பயிர் மாதிரி ஊர் காத்திருக்காது. நகரத்துக்குச் சித்திரையிலும் அதே அளவு வேண்டும். பில்லூர் பவானிசாகருக்கு மேலே இருக்கிற சின்ன அணை, வண்டல் வேறு நிறையப் படிந்துவிட்டது. மின்சாரத் தேவையைப் பார்த்துத்தான் அங்கே தண்ணீர் விடுவார்கள். கோடையில் ஆறு மெலிந்த நாட்களில் நகரம் எடுக்கிற அளவு ஆற்றோட்டத்தில் பெரிய பங்காகிவிடும். வருடக் கணக்கில் சின்ன எண், வைகாசிக் கணக்கில் பெரிய எண். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, வேறு வேறு மாதத்தைப் பார்த்துப் பேசுகிறீர்கள்.

#8 சாய_வேலை_திருப்பூர்

கழிவுநீர் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். நான் திருப்பூரில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறேன். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது எங்கள் தெருவில் மூன்று வீடு காலியானது, சொந்த ஊருக்கே போய்விட்டார்கள். அதற்கு முன்னால் நொய்யலில் நாங்கள் விட்டது ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கி அந்தப் பக்கத்து விவசாயிகளை அழித்தது. அதையும் மறைக்கப் போவதில்லை.

மூடிய பிறகு வேறு வழி இல்லாமல் ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு வந்தோம். சாயத் தண்ணீர் உயிரியல் தொட்டிக்குப் போய், அப்புறம் ஆர்.ஓ. சவ்வில் ஏறி, பத்தில் எட்டு ஒன்பது பங்கு நல்ல தண்ணீராகத் திரும்பிப் பட்டறைக்கே போகிறது. மீதி உப்புக் கரைசலைக் காய்ச்சி உப்பாக எடுக்கிறோம். அதில் ஒரு பகுதி மறுபடி சாயத்துக்கே உதவுகிறது, கலப்பு உப்பு மட்டும் மூட்டை மூட்டையாக ஷெட்டில் நிற்கிறது, அதற்கு இன்னும் நல்ல வழி பிறக்கவில்லை. மின்சாரச் செலவு அதிகம். ஆனாலும் அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி வருகிறது.

சாயத் தண்ணீரையே இப்படிச் செய்ய முடிகிறபோது வீட்டுக் கழிவுநீர் அதைவிட எத்தனையோ எளிது. கோவையின் கழிவுநீரைச் சுத்தம் செய்து ஆலைகளுக்குக் கொடுத்துவிட்டு, அவர்கள் ஆற்றிலிருந்து எடுக்கிற நல்ல தண்ணீரைக் குறைக்கலாம். அட்டவணையில் இதற்கு ஒரு வரி வேண்டும்.

#9 அன்னூர்_குளத்தங்கரை

நான் படித்துக்கொண்டே வந்தேன், ‘புதிய குழாய் கூடாது’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். எங்கள் தாத்தா கோரிக்கை வைத்து, அப்பா ஊர்வலம் போய், நான் பார்த்த திட்டம் அத்திக்கடவு–அவிநாசி. அறுபது வருடக் கோரிக்கை. 2024 ஆகஸ்டில்தான் தொடங்கினார்கள். எங்கள் குளத்துக்கு முதல் தடவை தண்ணீர் வந்த அன்று குழாய் வாயில் மண் கலந்து சிவப்பாகக் கொட்டியது. ஆயா ஒருத்தி அதைக் கையில் பிடித்துத் தலையில் தெளித்துக்கொண்டார். எங்கள் ஊரில் ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடி தாண்டிவிட்டது, அதிலும் பாதி புகைதான் வரும்.

இதில் யார் பங்கையும் நாங்கள் எடுக்கவில்லை. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே, எல்லாப் பாசனமும் முடிந்த இடத்தில், உபரியாக ஓடும் தண்ணீரில் வினாடிக்கு 250 கனஅடி, வருடத்தில் 70 நாள். மொத்தம் 1.5 டி.எம்.சி. அதைப் பம்ப் செய்து மேலே ஏற்றி 1,045 குளம், குட்டைகளுக்கு. முதலில் நாங்கள் கேட்டது மேலே இருந்து தானாக இறங்கி வரும் வாய்க்கால். உங்களைப் போன்ற ஆயக்கட்டுக்காரர்களுக்குப் பாதிப்பு வரக் கூடாது என்றுதான் கீழிருந்து ஏற்றும் திட்டமாக மாற்றினார்கள். மின்சாரச் செலவு காலத்துக்கும் இருக்கும். நாங்களும் விட்டுக்கொடுத்தவர்கள்தான்.

#10 கடைமடை_முத்தூர்

அன்னூர் அண்ணா, நீங்கள் சொன்னது உறைக்கிறது. ‘ஒரு குழாய்கூட’ என்று நான் எழுதியது தப்பு. உபரி என்பதற்கு ஒரு அளவு எழுதி வைத்திருக்கும் வரை உங்கள் திட்டம் எங்களுக்கு எதிரி இல்லை. என் பயம், நான்கு வருடம் கழித்து உபரி இல்லாத ஆகஸ்டிலும் மோட்டாரை ஓட்டச் சொல்லி ஒரு தொலைபேசி வரும் என்பதுதான்.

#11 பெருந்துறை_தோட்டம்

பொறியாளர் அய்யா பின்னால் வரும் என்று சொன்ன சண்டைக்கு நான் வந்துவிட்டேன். கசிவு.

கீழ்பவானி வாய்க்காலில் கான்கிரீட் போட்டால் தண்ணீர் மிச்சமாகும், கடைமடைக்குப் போய்ச் சேரும் என்கிறார்கள். எங்கள் தோட்டம் வாய்க்காலுக்குக் கீழே அரை கிலோமீட்டர். ஆயக்கட்டில் எங்கள் பெயர் இல்லை. ஆனால் வாய்க்காலில் தண்ணீர் வந்த இருபதாம் நாள் எங்கள் கிணற்றில் ஒரு படிக்கட்டு மூழ்கும். ஒவ்வொரு வருடமும் கல்லில் சுண்ணாம்பால் கோடு போட்டு வைப்பார் அப்பா. எழுபது வருடமாக மண் வாய்க்கால். அதை நம்பிக் கிணறு, தோட்டம், மாடு, ஊர்க் குடிநீர் எல்லாம் வந்துவிட்டன. நீங்கள் கசிவு என்பது எங்களுக்கு ஊற்று. 2023-இல் போராட்டம், உண்ணாவிரதம் என்று இரண்டு பக்கமும் விவசாயிகளே நின்றார்கள். ஒரே கல்யாணத்தில் பந்தியில் பக்கத்தில் உட்காராத அளவுக்குப் போயிற்று எங்கள் பக்கம்.

#12 கடைமடை_முத்தூர்

தெரியும். என் சின்ன மாமனார் ஊர் உங்கள் பக்கம்தான். அவரோடு இதைப் பேசாமல் தவிர்த்துவிடுகிறேன்.

#13 பாலைவனத்_தமிழன்

நான் அரிசோனாவில் பீனிக்ஸ் நகரத்தில் இருக்கிறேன், சொந்த ஊர் கோபி. இங்கே கொலராடோ ஆற்றில் நடப்பது இந்த இழையோடு அப்படியே ஒத்துப்போவதால் எழுதுகிறேன்.

1922-இல் ஏழு மாநிலங்கள் ஆற்றைப் பங்கு போட்டன. மேல் பகுதிக்கு வருடத்துக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி (ஓர் ஏக்கரில் ஓர் அடி உயரம் நிற்கும் தண்ணீர் ஓர் ஏக்கர்-அடி), கீழ்ப் பகுதிக்கு 75 லட்சம். அப்போது நல்ல மழை வருடங்களை வைத்துக் கணக்குப் போட்டார்கள். ஆற்றில் அவ்வளவு எப்போதும் வருவதில்லை. இங்கே சட்டமே தடப்பள்ளி அய்யா சொல்வதுதான்: முதலில் எடுத்தவனுக்கு முதல் உரிமை. பற்றாத வருடம் கடைசியில் வந்தவனுக்கு முதலில் வெட்டு.

2007-இல்தான் அணைத் தண்ணீர் நிற்கும் மீட் ஏரியின் மட்டத்தை வைத்து அட்டவணை போட்டார்கள். மீட் ஏரி கடல் மட்டத்துக்கு மேல் 1,075 அடிக்குக் கீழே போகும் என்று ஆகஸ்டில் கணித்தால் அடுத்த வருடம் இன்னாருக்கு இவ்வளவு வெட்டு. 2021 ஆகஸ்டில் முதல் முறையாக வெட்டு அறிவித்தார்கள், 2022 ஜனவரியில் அமலுக்கு வந்தது. அரிசோனாவின் பங்கில் ஏறக்குறைய 18 விழுக்காடு போனது. அதில் பெரும்பகுதி பீனிக்ஸுக்கும் டூசானுக்கும் நடுவில் இருக்கும் பினால் மாவட்ட விவசாயிகள் தலையில். அவர்கள் கால்வாய்க்குக் கடைசியில் வந்தவர்கள். பருத்தியும் குதிரைமசாலும் போட்ட நிலம் சும்மா கிடப்பதைக் காரில் போகும்போது பார்த்திருக்கிறேன். ஆனால் ஒன்று, வெட்டு வரப்போகிறது என்று அவர்களுக்கு நாலு மாதம் முன்பே எண்ணோடு தெரியும். விதை வாங்கிய பிறகு தெரியவில்லை. அந்த அளவில் அட்டவணை நல்லது.

பெருந்துறை அண்ணா சொன்ன கசிவு இங்கேயும் நடந்தது. மெக்ஸிகோ எல்லையை ஒட்டிப் போகும் ஆல்-அமெரிக்கன் கால்வாயில் 23 மைல் நீளத்துக்குக் கான்கிரீட் போட்டார்கள். மிச்சமான தண்ணீர் சான் டியேகோ பக்கம் போனது. எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்ஸிகாலி பள்ளத்தாக்கில் பல பத்து வருடமாக அந்தக் கசிவில் கிணறு வைத்து விவசாயம் செய்தவர்களுக்கு ஊற்று குறைந்தது. அவர்கள் பெயர் எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. ‘மிச்சம்’ என்று யாராவது சொன்னால் அது இதுவரை யாருடைய கிணற்றில் இருந்தது என்று முதலில் கேளுங்கள்.

#14 தடப்பள்ளி_வயல்

தம்பி, அமெரிக்காவிலும் எங்கள் சட்டம்தான் என்று கேட்டதும் முதலில் சந்தோஷமாக இருந்தது. முழுதாகப் படித்ததும் அந்தப் பினால்காரர்கள் நினைவாகவே இருக்கிறது. நம் கடைமடைத் தம்பி மாதிரித்தானே அவர்களும்.

#15 அகளி_எல்லை

நான் கேரளத்து அட்டப்பாடியில் இருக்கிறேன், வீட்டில் தமிழ்தான். ஆறு நீலகிரியிலிருந்து இறங்கி எங்கள் வழியாகத்தான் திரும்பத் தமிழ்நாட்டுக்குள் வருகிறது, அதனால் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காவிரி நடுவர் மன்றம் 2007-இல் கேரளாவுக்குக் கொடுத்த 30 டி.எம்.சி.யில் 6 டி.எம்.சி. பவானிப் படுகையில். 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதைக் குறைக்கவில்லை. அட்டப்பாடியின் கிழக்குப் பக்கம் மழை மறைவுப் பகுதி. மேற்கே அடித்து ஊற்றும்போது எங்கள் காட்டில் சோளம் வாடும். இங்கே ஒரு தடுப்பணை கட்டினால் கீழே போராட்டம் நடக்கிறது. கோவை குடிக்கிற சிறுவாணியின் அணை இருப்பதும் கேரளத்தில்தான். அந்த மலையில் இருக்கும் ஆதிவாசி ஊர்களில் சிலவற்றில் குடத்தோடு நடக்கிறார்கள்.

அந்த 6 டி.எம்.சி. நாளைக்கு எடுக்கப்பட்டால் உங்கள் 36 டி.எம்.சி.யில் எது குறையும் என்று அட்டவணையில் இப்போதே எழுதுங்கள். எடுக்க மாட்டார்கள் என்று நினைத்துத் திட்டம் போட்டுக்கொண்டே போவது எங்களுக்கும் நல்லதில்லை, உங்களுக்கும் நல்லதில்லை.

#16 மதகு_அளவு

இது நான் பணியில் இருந்தபோது கூட்டங்களில் யாரும் வாய் திறந்து பேசாத விஷயம். சரியாகச் சொன்னீர்கள்.

#17 கடைமடை_முத்தூர்

எல்லாரும் சொன்னதை வைத்து ஒரு வரைவு எழுதிப் பார்த்தேன். எண்கள் என் மனதில் பட்டவை, அய்யா திருத்தட்டும்.

ஆகஸ்ட் முதல் தேதி அணையில் 25 டி.எம்.சி.க்கு மேல் இருந்தால் எல்லாருக்கும் முழு அளவு. 18-லிருந்து 25 வரை என்றால் பழைய ஆயக்கட்டுக்கு முதல் போகம் முழுசாக, இரண்டாம் போகம் நெல் கிடையாது, உளுந்து, எள் மாதிரி ஏதாவது. புதிய ஆயக்கட்டுக்கு நஞ்சை உண்டு, ஆனால் தொடர்ந்து விடாமல் பத்து நாள் விட்டு ஐந்து நாள் நிறுத்தி. கடைமடையில் முதலில் நிரப்பிக்கொண்டு மேலே வர வேண்டும். 18-க்குக் கீழே என்றால் பழைய ஆயக்கட்டுக்கு ஒரு போகம் மட்டும், புதிய ஆயக்கட்டுக்கு நெல்லே வேண்டாம், இருப்பதைப் புஞ்சைக்கு வைத்துக்கொள்ளலாம். குளங்களுக்கு உபரி வந்தால் மட்டும். ஆலைகளுக்கு ஆற்றுத் தண்ணீர் நிறுத்தம், சுத்திகரித்த தண்ணீர்தான். வீட்டுக் குடிநீரில் எந்த நிலையிலும் கை வைக்கக் கூடாது, ஆனால் வணிக இணைப்புகளுக்குக் குறைப்பு உண்டு. மூன்றாவது நிலையில் நடவு செய்யாத ஏக்கருக்கு நகரங்கள் கட்டும் தண்ணீர் வரியிலிருந்து ஒரு தொகை.

#18 கோவை_மூன்றாம்_மாடி

பணம் கொடுக்க நான் தயார். எங்கள் குடியிருப்புச் சங்கம் மாதம் லாரிக்குக் கொடுப்பதைப் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. கழிவுநீரைச் சுத்தம் செய்து கழிப்பறைக்குத் திரும்ப விடும் குழாயைப் பற்றி அடுத்த சங்கக் கூட்டத்தில் பேசப் போகிறேன். எங்கள் கட்டடத்தில் அந்த இயந்திரம் இருக்கிறது, ஓடுவதில்லை.

#19 நடவு_வீட்டுப்_பெண்

இவ்வளவு நேரம் படித்தேன். யாருமே சொல்லாததால் எழுதுகிறேன். எங்கள் அம்மா நடவுக்குப் போகிறவர். எங்களுக்கு நிலம் கிடையாது, அதனால் தண்ணீரில் உரிமையும் கிடையாது. நெல் இல்லாத வருடம் நிலம் வைத்திருப்பவருக்குப் பணம் என்று எழுதியிருக்கிறீர்கள். குத்தகைக்கு ஓட்டுகிறவருக்கு? நாற்றுப் பறித்து, நட்டு, களை எடுத்து, அறுத்து அந்த நான்கு மாதத்தில் வருடச் செலவைச் சம்பாதிக்கிற எங்கள் அம்மாவுக்கு? 2017-இல் அம்மா திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் பிசிர் வெட்டப் போனார். இருமல் பிடித்துக்கொண்டது. இன்னும் இருக்கிறது.

#20 தடப்பள்ளி_வயல்

கண்ணு, நீ எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுத வரவில்லை. எங்கள் வயலில் இருபது வருடமாக நடுகிறவர்கள் எட்டுப் பேர். அணையில் தண்ணீர் இல்லாத வருடம் அவர்கள் எங்கே போனார்கள் என்று நான் கேட்டதே இல்லை.

இரண்டாம் போகத்தில் நெல் வேண்டாம் என்றால் நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் என் ஒருவன் வாக்கு போதாது, பாசன சபையில் வைக்க வேண்டும். தாழ்ந்த வயல்களில் உளுந்து வருமா என்று வேளாண்மைத் துறை எங்கள் மண்ணிலேயே இரண்டு பருவம் போட்டுக் காட்ட வேண்டும், புத்தகத்தில் காட்டினால் போதாது. அது இல்லாமல் கையெழுத்துப் போடச் சொன்னால் எங்கள் ஆட்கள் கல்லை எடுப்பார்கள்.

#21 மதகு_அளவு

தம்பியின் எண்களில் ஒரு திருத்தம். ஆகஸ்ட் முதல் தேதியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். வெள்ளத்துக்கு இடம் விட வேண்டும் என்பதால் அக்டோபர் முடியும் வரை 102 அடிக்கு மேல் தேக்குவதில்லை. அதனால் நவம்பர் முதல் தேதி இரண்டாவது முறை பார்த்து, புஞ்சைக்கும் இரண்டாம் போகத்துக்கும் அப்போது முடிவு செய்யுங்கள். ஒரே அட்டவணையில் இரண்டு தேதி.

அப்புறம், அளக்காமல் எந்த அட்டவணையும் நிற்காது. ஒவ்வொரு பகிர்மான வாய்க்காலின் தலையிலும் அளவுகோல் கல் இருக்கும், அடி அங்குலம் பொறித்தது. பலவற்றில் பாசி மூடியிருக்கும். தேய்த்துக் கழுவி, தினமும் காலை 6 மணிக்கு அங்கே நிற்கும் தண்ணீரைப் படம் எடுத்து இந்த இழையிலேயே போடுங்கள். எந்த மதகில் எத்தனை அங்குலத்துக்கு எத்தனை கனஅடி என்ற கணக்கை நான் போட்டுத் தருகிறேன்.

#22 பெருந்துறை_தோட்டம்

கிணற்றுக் கோட்டையும் நான் படம் எடுத்துப் போடுகிறேன். வாய்க்கால் அளவோடு சேர்த்துப் பாருங்கள். கசிவு எவ்வளவு, எங்கே போகிறது என்று அப்போதாவது எண்ணாகத் தெரியும். கான்கிரீட் எங்கே போடலாம், எங்கே போடக் கூடாது என்பதை அதற்கப்புறம் பேசலாம்.

#23 கடைமடை_முத்தூர்

முதல் பதிவை அழிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன், 17-இல் இருக்கும் வரைவை மட்டும் திருத்துகிறேன். புதிய குழாய் பற்றி நான் சொன்னதை எடுத்துவிட்டு, உபரிக்கு அளவு எழுதிய பிறகே மோட்டார் ஓட வேண்டும் என்று மாற்றுகிறேன். நவம்பர் தேதி சேர்ந்தது. கேரளாவின் 6 டி.எம்.சி. எடுக்கப்பட்டால் என்ற கேள்வியைத் தனி வரியாக வைத்திருக்கிறேன், பதில் காலியாக இருக்கிறது. மூன்றாவது நிலையில் தொகை நிலத்துக்கு மட்டும் இல்லாமல் குத்தகைக்காரருக்கும் நடவு ஆட்களுக்கும் என்று எழுதினேன், எப்படிப் பிரிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நடவு_வீட்டுப்_பெண், உங்கள் அம்மாவிடம் கேட்டு எழுத முடியுமா? ஒரு பருவத்துக்கு எத்தனை நாள் வேலை, என்ன கூலி என்று.

இன்று காலை 6 மணிக்கு எங்கள் பகிர்மான வாய்க்கால் தலையில் அளவுகோல் கல்லைத் தேங்காய் நாரும் மணலும் வைத்துத் தேய்த்தேன். எண்கள் தெரிகின்றன. 1 அடி 4 அங்குலம். படம் இணைத்திருக்கிறேன்.